சன்னல் வழியாக வந்த கேபிள்

"தண்ணிக்கு ஒரு குழா விட்டிருக்கீக, கரண்டுக்கு ஒரு குழா விட்டிருக்கீக. இதுக்கு மட்டும் ஏந்தம்பி சன்னல் வழியா வர்றீக?"

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் ஆபீஸில் கணக்குப்பிள்ளை, நான் போட்டிருந்த நெட்வொர்க் கேபிளைப் பற்றி என்னிடம் கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும், மறுநாள் வேறு வேலைக்குத் தேனி போகும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பத்து வருடத்துக்கு மேலாக நெட்வொர்க் வேலை பார்க்கிறவனிடம் இதைக் கேட்க ஒரு கணக்குப்பிள்ளை வேண்டியிருந்தது.

கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளம் முழுக்கக் குடோன். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயை எடை போடுவது, சல்லடையில் ஏழு மில்லி, எட்டு மில்லி என்று தரம் பிரிப்பது எல்லாம் அங்கே. முதல் மாடி கணக்கு ஆபீஸ். இரண்டாம் மாடியில் முதலாளியின் அறையும் வெளிமாநில வியாபாரத்தைப் பார்க்கும் நான்கைந்து பேரும். மொட்டை மாடியில் கேமராக்கள். மொத்தம் 14 கணினி, மூன்று பிரிண்டர், எடைமேடையோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டர். பெரிய வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் மாடியில் மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச், அதாவது பல கணினிகளின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி, வைத்தேன். அங்கிருந்து ஒரு கேபிளைச் சன்னல் வழியாக வெளியே விட்டு, வெளிச்சுவரில் கிளிப் அடித்து, கீழே குடோனுக்கு இறக்கினேன். இன்னொன்றை அதே சன்னல் வழியாக இரண்டாம் மாடிக்கு ஏற்றினேன். இரண்டாம் மாடி சுவிட்சிலிருந்து மொட்டை மாடிக் கேமராக்களுக்கு. ஒரே நாளில் வேலை முடிந்தது.

தளத்தைத் துளைக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். கான்கிரீட்டில் ஓட்டை போட்டால் பலம் போய்விடும், கசியும் என்ற பயம் அவருக்கு. நியாயமான பயம்தான். ஆனால் நான் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. துளை போடாமல் முடிந்தால் எனக்கும் வேலை சுலபம். அந்தச் சுலபத்துக்கு விலை கொடுத்தவர் கணக்குப்பிள்ளை. கேபிள் போன சன்னல்தான் அவருடைய சன்னல். இரண்டு கேபிள் நடுவில் கிடந்ததால் கதவு சேராது. மழைக்காலத்தில் அந்த இடுக்கில் தினசரிப் பேப்பரை நாலாக மடித்துச் செருகி வைப்பார். சாரல் அடித்தால் பேப்பர் ஊறி, பேரேட்டின் ஓரமும் ஊறும். நான் போகும்போதெல்லாம் அந்தப் பேப்பரைப் பார்த்திருக்கிறேன். அது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம்

மேற்கு மலைக்குக் கீழே இருக்கிறவர்களுக்குக் கோடை மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலையெல்லாம் வெயில் கொளுத்தும். மத்தியானம் தாண்டினால் போடிமெட்டுப் பக்கம் கருக்கும். நாலு மணிக்கு இடி உருளும். அந்த வருடம் சித்திரையில் ஒருநாள், இரண்டு தெரு தள்ளி ஒரு தென்னையில் இடி விழுந்தது. எங்கள் தெருவிலேயே சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கால் மணி நேரத்தில் போன் வந்தது. "எல்லாம் அணைஞ்சிருச்சு, கரண்டு மட்டும் இருக்கு."

போய்ப் பார்த்தபோது வாசலில் லாரி நின்றது. சரக்கு ஏற்றித் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. சரக்கோடு போக வேண்டிய ஈவே பில் என்ற ஆன்லைன் சீட்டு இன்னும் போடவில்லை. வெளியாட்களுக்கு இதன் அவசரம் புரியாமல் இருக்கலாம். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லை தாண்டினால் ஈவே பில் கட்டாயம். 2018 ஏப்ரலிலிருந்து இதுதான் நடைமுறை. ஏலக்காய் கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும்போது 50 கிலோ மூட்டை ஒன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆக, மூட்டை ஒன்று நகர்வதற்குக்கூட ஆபீஸில் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். எடை கீழே இருக்கிறது, பில் முதல் மாடியில் இருக்கிறது, வாங்குகிறவர் விவரம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால்தான் லாரி கிளம்பும்.

கீழ்த்தள சுவிட்ச் செத்துவிட்டது. முதல் மாடி சுவிட்சில் பாதி போர்ட், அதாவது கேபிள் செருகும் வாய், போய்விட்டது. இரண்டு கணினியின் நெட்வொர்க் போர்ட், மூன்று கேமரா, கேமரா பதிவுப் பெட்டி எல்லாம் போயின. மோடத்தில், சுவிட்சோடு இணைந்திருந்த ஒரு போர்ட் மட்டும் கருகியிருந்தது. இணையம் உள்ளே வரும் பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே வருவது கண்ணாடி இழை, ஃபைபர் என்பார்களே அது. அந்த நேரத்தில் அதை நான் கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை. எடைச் சீட்டுகளைக் கையில் கொண்டு வந்து, செல்போன் இணையத்தை ஒரு லேப்டாப்புக்குக் கொடுத்து, கணக்குப்பிள்ளை ஒவ்வொன்றாக அடித்து முடிக்கும்போது இரவு பத்து மணி. டிரைவர் வண்டியிலேயே தூங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் வெளிச்சுவர்க் கேபிளைக் கழற்றினேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேபிள்தான். வெயில் பட்ட பக்கம் மேலுறை வெளுத்து, கிளிப் பிடித்த இடங்களில் விரல் வைத்தால் உதிர்ந்தது. அது உள்ளே போடும் கேபிள். வெளி வெயிலுக்கான கறுப்பு உறை அதற்குக் கிடையாது. விரிசல் வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, உறைக்குள்ளேயே வழிந்து, கீழ்த்தளத்தில் கேபிளின் பிளக்கான ஆர்ஜே45 முனைவரை வந்திருக்கிறது. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுப் பின்னில் நான்கில் பச்சையாகக் களிம்பு. கோயிலில் நாள்பட்ட செம்புப் பாத்திரத்தின் விளிம்பில் இருக்குமே, அதே பச்சை. மின்னலுக்கு அதில் பங்கில்லை. பல மாதமாக ஏறிய களிம்பு அது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருடமாகக் குடோனிலிருந்து ஒரு புகார் வந்துகொண்டே இருந்தது. எடை போட்டால் மேலே ஏற ரொம்ப நேரம் ஆகிறது, சில நாள் பாதியில் நின்றுவிடுகிறது என்று. நான் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பழசு என்று சொன்னேன். அதன் மெமரியான ராமை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். ஒரு கிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின், அதாவது இரண்டு ஜோடி போதும். மற்ற ஜோடிகள் கெட்டுப்போனால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் இணைப்பு விட்டுவிட்டு வரும். சுவிட்சில் போர்ட் விளக்கின் நிறத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கேபிளைச் சோதிக்கும் லேன் டெஸ்டரை மாட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ராமுக்கு அவர்கள் கொடுத்த பணம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

களிம்பு பிடித்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறியபோதுதான் கணக்குப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மேஸ்திரி தட்டிக் காட்டிய இடம்

பல மாடி ஆபீஸுக்கு நெட்வொர்க் போடப் போகிறவர்கள் முதலில் எண்ணுவது கணினிகளை. எத்தனை கணினி, எத்தனை போர்ட் சுவிட்ச், எந்த கம்பெனி ரூட்டர். நானும் அப்படித்தான் எண்ணினேன். இப்போது முதலில் கேட்பது, ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்கு எந்த வழியாகப் போகப் போகிறோம் என்பதை. ஒரே தளத்துக்குள் செய்யும் தவறை அரை நாளில் திருத்திவிடலாம். மேசையை நகர்த்தலாம், கேபிளை மூடும் பிளாஸ்டிக் கேசிங்கைக் கழற்றலாம். மாடிகளுக்கு நடுவில் செய்த தவறு கட்டடத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

முதலாளியிடம் நான் போய் உட்கார்ந்து பேசினேன். அவர் ஒரு காரியம் செய்தார். அந்தக் கட்டடத்துக்குத் தளம் போட்ட மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டார். வயதானவர், வேலையை மகனிடம் விட்டுவிட்டார். வந்ததும் படிக்கட்டில் நின்று கூரையைப் பார்த்தார். ஒரு சுத்தியலை வாங்கித் தட்டிக்கொண்டே போனார். "இது பீம், இதுல கை வைக்காத. இதுல இருந்து ஒரு முழம் தள்ளி வா. இங்க வெறும் தளம், அஞ்சு இஞ்சு." படிக்கட்டு ஓரம், ஒவ்வொரு மாடியிலும் ஒரே நேர்கோட்டில் வரும் மூலை. அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்தார். நான் குழந்தை மாதிரி எல்லாவற்றையும் கேட்டேன். ஏன் கக்கூஸ் பக்கம் இருக்கும் குழாய்ச் சந்தில் கொண்டுபோகக் கூடாது? "என்னைக்காவது குழா ஒழுகும். அன்னைக்கு உன் சாமான் போகும்."

கோர் கட்டிங் மிஷின் வைத்து 3 அங்குலத்தில் இரண்டு தளத்திலும் துளை எடுத்தோம். சுத்தியலால் உடைத்தால்தான் அதிர்வு. மிஷின் தண்ணீர் விட்டு வட்டமாக அறுத்து, உருளையாக எடுத்துக் கொடுத்துவிடும். 63 மில்லி குழாயை இறக்கி, சுற்றிலும் பூசினோம். மொட்டை மாடித் தளத்தைத் தொடவே இல்லை. கேமராக் கேபிள் படிக்கட்டோடு ஏறி, மேலே இருக்கும் அறையின் சுவர் வழியாக வெளியேறுகிறது. முதலாளி பயந்தபடி கசிவதற்கு இடமே இல்லை. கேபிள் போட்ட பிறகு குழாயின் வாயை அடைத்தேன். திறந்து விட்டால் குடோன் எலிக்கு அது மேலே போகும் ஏணி. தீப்பிடித்தால் புகைக்கும் அதுவே வழி.

அந்தக் குழாயில் எதை விடுவது என்பது அடுத்த கேள்வி. செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. சுவருக்குள் 90, இரு முனையிலும் பேட்ச் கார்டு என்ற சின்ன இணைப்புக் கேபிளுக்குச் சேர்த்து 10 என்பது கணக்கு. இந்தக் கட்டடத்தில் மாடிக்கு மாடி 15 மீட்டர் வந்தால் அதிகம். அதனால் கேட்-6 ரகச் செம்புக் கேபிளே போதும், பலரும் அதைத்தான் போடுவார்கள். நான் மாடிகளுக்கு நடுவில் கண்ணாடி இழை போட்டேன். வேகத்துக்காக இல்லை. மின்னல் நேராக நம் மேல் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீளமான செம்புக் கம்பியில் கண நேரம் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். நெட்வொர்க் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர் தாங்க வேண்டியது 1,500 வோல்ட். அதற்கு மேல் போனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் காலி. போதாக்குறைக்குக் கீழ்த்தளம் ஒரு இன்வர்ட்டரில், மேல் மாடி இன்னொன்றில். கரண்டுக் கம்பியும் செம்புக் கேபிளும் சேர்ந்து கட்டடத்தைச் சுற்றி ஒரு பெரிய வளையமாகிவிடுகின்றன. கண்ணாடியில் கரண்டு போகாது. ஒரு மாடியில் விழுந்த அடி அந்த மாடியோடு நிற்கும். மோடத்தின் ஒரு பக்கம் மட்டும் பிழைத்திருந்ததற்கு அர்த்தம் இதுதான்.

கண்ணாடி இழை என்றால் மதுரைக்குப் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இப்போது நம் ஊர்களில் கேபிள் டிவிக்காரர்களே இழை ஒட்டும் மிஷின் வைத்திருக்கிறார்கள். வீடு வீடாக இணையம் கொடுத்துக் கை பழகியவர்கள். நாலு இழை உள்ள கேபிள் இறக்கினேன். இரண்டு வேலை செய்கிறது, இரண்டு சும்மா கிடக்கிறது. முதல் மாடியில் சுவிட்ச் வைக்கும் 9யூ அளவு அலமாரி, ரேக் என்பார்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று சின்னப் பெட்டி. இரண்டுக்கும் ரேக்கிலிருந்து தனித்தனி இழை. முன்பு கேமரா இரண்டாம் மாடியில் தொங்கியது, இரண்டாம் மாடி முதல் மாடியில் தொங்கியது. நடுவில் யாராவது ஒரு பிளக்கைப் பிடுங்கினால் அதற்கு அப்பால் எல்லோருக்கும் போய்விடும். இப்போது கீழ்த்தளத்தில் கரண்டு போனால் கீழ்த்தளம் மட்டும்தான் போகும். கேமராக்களுக்குச் செம்பைத் தவிர வழியில்லை, கேபிள் வழியாகவே அவற்றுக்குக் கரண்டும் போக வேண்டும். அதனால் அவற்றுக்குத் தனி சுவிட்ச், திடீரென்று எகிறும் வோல்டேஜுக்கு சர்ஜ் தடுப்பு, நல்ல எர்த். அந்த சுவிட்சுக்கும் மற்ற நெட்வொர்க்குக்கும் நடுவில் மறுபடி கண்ணாடி.

மூட்டைக்குப் பின்னால்

வைஃபை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. குடோனில் எடைமேடைக்குப் பக்கத்தில் கையில் வைத்து ஸ்கேன் செய்யும் போன் ஒன்று உண்டு. கோடையில் நன்றாக வேலை செய்யும். காய் எடுப்பு மும்முரமான மாதங்களில் சிக்னல் கிடைக்காது. முதலில் வெயில், மழை என்று ஏதேதோ யோசித்தேன். ஒரு ஐப்பசியில் போய் நின்றபோது கண்ணுக்கு முன்னால் இருந்தது காரணம். தரையிலிருந்து கூரைவரை மூட்டை. உலர்ந்த காயிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும். பத்து அடிக் கனத்துக்கு அதை அடுக்கினால் வைஃபையை அது குடித்துவிடும். கோடையில் சரக்கு போன பிறகு வெறும் கூடம், சிக்னல் தாராளமாகப் பாயும். வைஃபை கொடுக்கும் பெட்டியான ஆக்சஸ் பாயின்டை நடைபாதைக்கு நேர் மேலே கூரையில் மாற்றினேன். எந்த மாதத்திலும் அந்த நடைபாதையில் மூட்டை வைக்க மாட்டார்கள், ஆள் போக வேண்டுமே. வெறும் குடோனைப் பார்த்து இனி நான் எதையும் தீர்மானிப்பதில்லை. நிறைந்த மாதத்தில் ஒரு முறை போய்ப் பார்த்துவிடுகிறேன்.

மாடிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் வேண்டும். நடு மாடியில் ஒன்றை வைத்துவிட்டு மேலும் கீழும் எட்டும் என்று இருக்க முடியாது. வைஃபை போகும் அலைவரிசை 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸை அநேகமாகத் தடுத்துவிடும். 2.4இல் ஒன்றையொன்று மிதிக்காத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். மூன்று மாடிக்கு மூன்று என்று சரியாகப் பொருந்தியது.

நெட்வொர்க்கைப் பிரிப்பதிலும், கணினிக்குக் கொடுக்கும் முகவரி எண்ணிலும் நான் ஒரு கட்சி. மாடிக்கு ஒரு விலேன், அதாவது ஒரே கேபிளில் ஓடும் தனி நெட்வொர்க், என்று பிரிக்கச் சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். 14 கணினிக்கு அது தேவையில்லை. பிரிண்டர் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று நின்றுவிடும், பிறகு அதைச் சேர்க்க ஒரு வேலை. கேமராவுக்குத் தனி விலேன், வெளியாட்கள் வைஃபைக்குத் தனி விலேன். மற்ற எல்லோரும் ஒரே வீடு. ஆனால் எண்ணை மட்டும் மாடிவாரியாகக் கொடுத்தேன். கீழ்த்தளத்துக்கு 192.168.20.11 முதல் 40 வரை, முதல் மாடிக்கு 111 முதல், இரண்டாம் மாடிக்கு 211 முதல். எண்ணைச் சொன்னதும் எந்த மாடி என்று கணக்குப்பிள்ளையே சொல்லிவிடுவார். 192.168.1 என்று வைக்கவே இல்லை. கடையில் வாங்கும் பல ரூட்டர்கள் அந்த எண்ணோடுதான் வரும். ஒரு முறை இரண்டாம் மாடிப் பையன் ஒருவன் சிக்னல் போதவில்லை என்று ஒரு ரூட்டரை வாங்கி வந்து தன் மேசைப் பிளக்கில் மாட்டிவிட்டான். அது தானும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அரை நாள் பாதி ஆபீஸ் தவறான வாசலில் நின்றது. அவன் மேல் தப்பில்லை, மேலே சிக்னல் வராமல் விட்டது நான்.

அப்புறம் மேசைக்கு இரண்டு கேபிள் பாயின்ட், இரு முனையிலும் ஒரே எண், ரேக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் எல்லா எண்ணும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளை விலை மலிவு என்று வாங்காதீர்கள், பிளக்கை நெருக்கி கிரிம்ப் செய்யும் இடத்திலேயே ஒடியும், கேமராவுக்குக் கரண்டு அனுப்பினால் சூடேறும்.

கணக்குப்பிள்ளையின் சன்னல் இப்போது மூடுகிறது. கேபிள் போன இடத்தில் சட்டத்தில் ஒரு வெட்டு இருந்தது. ஆசாரியைக் கூட்டிப்போய் மரத்துண்டு வைத்து அடைத்துக் கொடுத்தேன். வார்னிஷ் நிறம் கொஞ்சம் வேறு. "இருக்கட்டும் தம்பி, காத்து வரலை, அது போதும்" என்றார்.

போன மாதம் கம்பத்தில் ஒருவர் மூன்று மாடி எழுப்புகிறார் என்று தெரிந்தது. கீழே கடை, மேலே என்ன வரும் என்று அவருக்கே முடிவில்லை. யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். முதல் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு ஓரத்தில் இரண்டு 63 மில்லி குழாய் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இரண்டும் என் செலவில் வாங்கிப் போயிருந்தேன். "என்ன லைன் இது?" என்று மேஸ்திரி கேட்டார். சொன்னேன். கட்டுக்கம்பியால் அவரே இறுக்கிக் கட்டி, சிமென்ட் பால் இறங்காமல் இரண்டு வாயிலும் சாக்கைத் திணித்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கான்கிரீட் கொட்ட ஆரம்பித்தார்கள். வைப்ரேட்டர் அந்த மூலைக்கு வந்தபோது குழாய்கள் லேசாக ஆடின. மேலே ஏறி, அந்தப் பக்கம் கொட்டி முடிக்கும்வரை இரண்டையும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.